ஓதற்பிரிவும் கடாரத் துறையும்

பிரிவு பலவகைப்படும். பகையின்பொருட்டுப் பிரிவார் உளர். தூதின்பொருட்டுப் பிரிவார் உளர். பொருளின்பொருட்டுப் பிரிவாரும் உளர். இவற்றோடு கல்வியின்பொருட்டுப் பிரிதலையும் தொல்காப்பியர் தனிவகையாக எண்ணினார். ஓதற்பிரிவு என்பது அதன் பெயர். அப்பிரிவு மூன்றாண்டைக் கடத்தல் ஆகாது என அதற்கோர் எல்லையும் கூறினார். கற்கச் செல்வோனின் ஆர்வத்தை மட்டும் கருதாமல், வீட்டில் வழிபார்த்திருப்போரையும் கருதி வகுத்த எல்லை அது எனலாம்.

கி.பி. 671-ஆம் ஆண்டில் சீனத் துறவி ஒருவர் ஓதற்பிரிவு மேற்கொண்டு கப்பலேறினார். மூன்றாண்டு அவருக்குப் போதவில்லை. இருபத்தைந்தாம் ஆண்டிலேதான் தம் நாட்டுத் தலைநகரை மீண்டும் கண்டார். இட்சிங் என்பது அவர் பெயர். அவர் சென்ற வழி நம் மலாயாக் கரையை ஒட்டிய கடல்வழி. இந்தியா நோக்கிக் கப்பல் எடுத்த துறை கடாரம்.

கடாரம் என்றவுடன் தமிழ் மாணவர்க்கு நினைவு வருவது, முதலாம் இராசேந்திரன் 1025-இல் நடத்திய கடற்படையெடுப்பு. இலக்கியம் கற்றோர், பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பது கடாரமே என்னும் நச்சினார்க்கினியர் உரையையும் நினைவுகூர்வர். ஆகப் போரும் வாணிகமும் ஆகிய இரண்டே கடாரத்தின் முகங்களாக வகுப்பறையில் நிற்கின்றன. அதற்கு மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. கல்வி தேடிச் சென்றோர் தங்கிச் சென்ற வாயில் அது. இதனை விளக்கும் சிறந்த சான்று இட்சிங் எழுதிய இரு நூல்கள். ஒன்று, தென்கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் அவர் கண்ட பௌத்த ஒழுக்க முறைகளைக் கூறுவது. இதனைத் தகாகுசு என்னும் சப்பானிய அறிஞர் 1896-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மற்றொன்று, மேற்றிசை சென்று அறநூல் தேடிய துறவியர் ஐம்பத்தறுவரின் வரலாறு. இதனைச் சவான் என்னும் அறிஞர் 1894-இல் பிரெஞ்சில் பெயர்த்தார்.

ஆசிரியர் தந்த விடை

இட்சிங் பிறந்தது 635-இல். இளமையிலேயே மடம் புகுந்து இரண்டு ஆசிரியரிடம் பயின்றார். அவருள் ஒருவர் இட்சிங்கின் பன்னிரண்டாம் வயதில் காலமானார். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து நூற்சுமையுடன் திரும்பியது 645-இல். அவர் புகழ் நாடெங்கும் பரவிய காலத்தில் வளர்ந்தவர் இட்சிங். பதினெட்டாம் வயதிலேயே தாமும் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் கொண்டார். அவ்வெண்ணம் கைகூடியது முப்பத்தேழாம் வயதில்.

புறப்படுமுன் அவர் செய்த செயல் இரண்டு. மறைந்த ஆசிரியரின் கல்லறைக்குச் சென்று வணங்கினார். உயிரோடிருந்த முதிய ஆசிரியரிடம் விடை வேண்டினார். முதுமையில் மாணவரை இழப்பது அவ்வாசிரியருக்கு எளிதாயிருந்திராது. எனினும், இத்தகைய வாய்ப்பு இருமுறை வாராது, திரும்பிப் பாராமல் செல்க என்னும் கருத்துப்பட விடை கொடுத்தார். மாணவரின் பயணத்தில் ஆசிரியருக்குள்ள பங்கு இந்த விடையில் தொடங்குகிறது.

உடன்வருவதாக வாக்களித்தோர் பலர். ஒருவர்க்கு முதிய தாய் இருந்தார். அவரை விட்டு வர இயலவில்லை. ஏனையோரும் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். கான்டன் துறையில் பாரசீகக் கப்பல் தலைவனிடம் இடம் பேசி ஏறியபோது, இட்சிங்கோடு எஞ்சியிருந்தவர் இளந்துறவி ஒருவரே. அவரும் முதல் துறையான ஸ்ரீவிஜயத்தில் நோயுற்றுத் தாய்நாடு திரும்பினார்.

காற்று வகுத்த பள்ளிநாள்

அக்காலத்தில் கப்பலைச் செலுத்தியது காற்று. சீனத்திலிருந்து தென்கடலுக்கு வரக் குளிர்காலத்து வடகிழக்குக் காற்று வேண்டும். நம் கரையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து மேற்கே செல்லவும் அதே பருவக்காற்றே வேண்டும். கான்டனில் பதினோராந் திங்களில் ஏறியவர் இருபது நாளுக்குள் சுமத்திரையிலுள்ள ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். மேலும் மேற்கே செல்ல அடுத்த குளிர்காலம் வரை காத்திருத்தல் வேண்டும். வணிகர்க்கு இக்காத்திருப்பு இழப்பு. இட்சிங் அதனைப் பள்ளிநாளாக மாற்றிக்கொண்டார்.

ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அந்நகரில் துறவியர் ஆயிரவருக்கு மேல் இருந்தனர் என்றும், மத்திய இந்தியாவில் பயிலும் பாடங்களையே அங்கும் பயின்றனர் என்றும், ஒழுக்க முறைகளும் வேறுபடவில்லை என்றும் அவர் எழுதுகிறார். அதனினும் சிறந்தது அவர் தம் நாட்டு மாணவர்க்குக் கூறும் அறிவுரை. இந்தியா சென்று கற்க விரும்பும் சீனத் துறவி முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கி, முறைகளைப் பயின்று, அதன்பின் மேற்கே செல்வது நன்று என்கிறார்.

இவ்வறிவுரையின் பயனைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எளிதில் உணர்வர். தமிழில் ஆறாண்டு படித்த பிள்ளை மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில் கால் வைக்குமுன், ஓராண்டு மொழிப் பயிற்சி பெறுவதற்கென்று புகுமுக வகுப்பு இந்நாட்டில் ஏற்பட்டது. வேற்றுமொழியில் பாடம் கேட்பவனுக்கு முதலில் செவி பழக வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் தென்கடல் நகரொன்று சீன மாணவர்க்கு அத்தகைய புகுமுக வகுப்பாய் விளங்கியது.

வடமொழி இலக்கணப் பாடத்திட்டத்தையும் இட்சிங் வரிசைப்படுத்துகிறார். ஆறு வயதில் எழுத்துப் பாடம். அது ஆறு திங்களில் முடியும். எட்டு வயதில் பாணினி சூத்திரம்; எட்டுத் திங்களில் மனப்பாடமாக வேண்டும். பத்து வயதில் அடுத்த நூற்றொகுதி, மூன்றாண்டு உழைப்பு. பதினைந்தில் விருத்தியுரை, ஐந்தாண்டு. இந்திய நாட்டுச் சிறுவனுக்கு வகுத்த இத்திட்டத்தை, தாமே முப்பத்தேழு வயதில் தொடங்கியவர் அவர். இதனைக் கல்லாமல் இந்தியா செல்லும் சீனரின் உழைப்பு வீணாகும் என்று அவர் எழுதுவது பட்டறிந்து எழுதியது.

கடாரமும் நாகப்பட்டினமும்

ஸ்ரீவிஜய மன்னன் இட்சிங்கை ஆதரித்து மலையூருக்கு அனுப்பிவைத்தான். அங்கே இரண்டு திங்கள் தங்கியபின் கடாரம் வந்தார். அவர் எழுதும் சீனப் பெயர் கடாகம் என்னும் வடசொல்லின் ஒலிபெயர்ப்பு என்றும், கடாகமே தமிழில் கடாரம் என்றும் அறிஞர் கொள்வர். 672-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் சீனத் திங்களில் மன்னனது கப்பலிலேயே கடாரத்திலிருந்து புறப்பட்டார். பத்து நாளுக்கு மேல் வடக்கே சென்றதும் ஆடையில்லாத மக்கள் வாழும் தீவுகள் தோன்றின. சிறு படகுகள் கப்பலைச் சூழ்ந்தன. தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து அவர்கள் கேட்டது இரும்பு. அவை நிக்கோபார்த் தீவுகள் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இங்கே ஒன்று கருதத்தக்கது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற கடல்கடந்த ஊர்களை அடுக்கிக் கூறுகிறது. அவ்வடுக்கில் ஸ்ரீவிசயம், மலையூர், மாநக்கவாரம், கடாரம் ஆகிய நான்கும் உள்ளன. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். இட்சிங் ஏடும் மறைநூலும் தேடி இறங்கிய துறைகளும், முந்நூற்றைம்பது ஆண்டுக்குப்பின் சோழர் படை சென்ற துறைகளும் ஒன்றே. இது வியப்பன்று. காற்றும் கரையும் வகுத்த வழியில்தான் எவரும் செல்லல் இயலும். வணிகனும் மாணவனும் வீரனும் அவ்வொரு வழியையே பயன்படுத்தினர்.

இட்சிங் நாகப்பட்டினம் வந்தார் எனச் சிலர் கருதுவதுண்டு. அது பொருந்தாது. அவர் இறங்கிய துறை வங்கத்திலுள்ள தாமிரலிப்தி. நாகப்பட்டினத்திற்கு வந்தவர் ஊசிங் என்னும் மற்றொரு சீனத் துறவி. அவர் வரலாற்றை எழுதிவைத்தவரே இட்சிங். ஊசிங் ஸ்ரீவிஜயத்திலிருந்து பதினைந்து நாளில் மலையூரையும், மேலும் பதினைந்து நாளில் கடாரத்தையும் அடைந்தார். குளிர்காலத்து இறுதியில் அங்கிருந்து மேற்கே சென்று முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தார். அங்கிருந்து ஈழத்திற்கு இரண்டு நாள். கடாரத்திற்கும் தமிழகத்திற்கும் இடைப்பட்ட கடலைக் கப்பல் எத்தனை நாளில் கடந்தது என்பதைச் சென்றவரின் வரலாறாகவே காட்டும் இக்குறிப்பு அரியது. பின்னாளில் இவ்விரு துறைக்கும் இருந்த உறவு, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமாகக் கல்லில் எழுந்தது. கடாரத்து அரையன் எழுப்பிய அவ்விகாரத்திற்கு முதலாம் இராசராசன் 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அதனைக் கூறும் செப்பேடு பின்னர் ஆலந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தது.

சேறு பூசிய மாணவர்

673-ஆம் ஆண்டின் இரண்டாந் திங்களில் இட்சிங் தாமிரலிப்தியில் இறங்கினார். அங்கே மகாயானப் பிரதீபர் என்னும் துறவியைக் கண்டார். இவர் யுவான் சுவாங்கிடம் பயின்றவர்; ஈழமும் தென்னிந்தியாவும் கண்டவர். அவருடன் ஓராண்டளவு தங்கி மேலும் மொழி பயின்றபின், வணிகர் நூற்றுக்கணக்கானோர் சென்ற கூட்டத்தோடு இருவரும் நாளந்தாவை நோக்கிப் புறப்பட்டனர்.

மகாபோதி விகாரத்திற்குப் பத்து நாள் வழி இருக்கையில் மலையும் சேற்று நிலமும் குறுக்கிட்டன. கூட்டமாகச் சென்றாலன்றிக் கடக்க இயலாத இடம் அது. இட்சிங்குக்கு அப்போது காய்ச்சல். சிறிது நடப்பதும் நிற்பதுமாகப் பின்தங்கிவிட்டார். மாலையில் கள்வர் வில்லேந்தி வந்து சூழ்ந்தனர். மேலாடையையும் கீழாடையையும் கச்சையையும் பறித்துக்கொண்டு சென்றனர். வெளிறிய நிறமுடையவரைப் பிடித்தால் பலியிடுவர் என்று அவர் முன்னரே கேள்விப்பட்டிருந்தார். ஆகவே சேற்றுக் குழியில் இறங்கி உடல் முழுதும் சேறு பூசி, இலைகளால் மறைத்து, கோலூன்றி நடந்தார். இரவில் இரண்டாம் யாமத்தில் ஊர்ப்புறத்தை அடைந்தபோது, இருளில் நின்று தம் பெயரைக் கூவி அழைக்கும் மகாயானப் பிரதீபரின் குரல் கேட்டது. அவர் ஆடை ஒன்று தந்தார். குளத்தில் உடலைக் கழுவிக்கொண்டு இட்சிங் ஊருக்குள் சென்றார்.

அயல்நாட்டில் கற்கச் சென்ற மாணவரின் நிலையை இந்நிகழ்ச்சியைவிட நன்கு விளக்குவது அரிது. கையில் பொருளில்லை, உடலில் வலுவில்லை, தோலின் நிறமே பகை. அந்நிலையிலும் இருளில் நின்று பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இருந்தார்.

நாளந்தாவின் பத்தாண்டு

இட்சிங் நாளந்தாவில் தங்கியது 675 முதல் 685 வரை பத்தாண்டு. துறவியர் மூவாயிரவருக்கு மேல் அங்கு இருந்தனர். எட்டு மண்டபங்களும் முந்நூறு அறைகளும் இருந்தன. இருநூற்றுக்கு மேற்பட்ட ஊர்களின் வருவாய் அதற்கு உரியது. பொழுதை நீர்க்கடிகையால் அளந்தனர். காலையில் மணி ஒலித்ததும் நூற்றுக்கணக்கானோர் குளங்களுக்கு நீராடச் சென்றனர்.

இத்தகைய பெரிய இடத்திலும் கல்வி ஓர் ஆசிரியர்க்கும் ஒரு மாணவர்க்கும் இடையிலேதான் நடந்தது. இரவின் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் மாணவன் ஆசிரியரிடம் செல்வான். ஆசிரியர் முதலில் அவனை வசதியாக அமரச் செய்வார். அவனுக்கு ஏற்ற பகுதியைத் தெரிந்து பாடம் சொல்வார். அவன் ஒழுக்கத்தை உசாவுவார். மாணவன் ஆசிரியரின் ஆடையை மடித்து வைப்பான், அறையைப் பெருக்குவான், குடிநீரில் உயிர்கள் உளவோ என நோக்குவான். மாணவன் நோயுற்றால் ஆசிரியரே மருந்து கொடுத்துத் தம் பிள்ளையைப் போல் பேணுவார். மாணவன் ஆசிரியர்க்குச் செய்யும் பணியைக் கூறும் நூல்கள் பல. ஆசிரியர் மாணவனுக்குச் செய்யும் பணிவிடையை அதே வரிசையில் வைத்து எழுதியது இட்சிங்கின் நேர்மை.

துறவு பூணாத மாணவர்க்கும் மடங்களில் இடமிருந்தது. ஆயின் அவர்கள் தம் உணவைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். மடத்திற்கு உழைத்தவரே மடத்து உணவை உண்ணலாம். இலவசக் கல்வியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் இக்காலத்தில் எழும் வினாக்கள் புதியன அல்ல.

இந்நாளந்தாவோடு தமிழகத்திற்கும் தொடர்பு உண்டு. இட்சிங்குக்கு முன்னர் அங்குத் தலைமை வகித்த தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் கூறுகிறார். அமைச்சரின் மகனாகிய அவர், அரசன் மகளோடு நிகழவிருந்த திருமணத்திற்கு முன்னிரவில் ஊரைவிட்டு நீங்கித் துறவு பூண்டார் என்பர். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். காஞ்சியிலிருந்து வடக்கே சென்ற ஒருவரின் ஓதற்பிரிவு, இரண்டு தலைமுறையில் சீன நாட்டுக்குப் பயன் தந்தது.

மீளாதோர்

ஐம்பத்தறுவர் வரலாற்றைப் படிப்போரை வருத்துவது, அவருள் மீண்டோர் மிகச் சிலர் என்பதே. நாளந்தா ஏடுகளைப் புரட்டுகையில் இட்சிங் ஒரு படியின் இறுதியில் ஒரு குறிப்பைக் கண்டார். பற்குச்சி மரத்தடியில் அமர்ந்து சில்லா நாட்டுத் துறவி படியெடுத்தது என்று அதில் எழுதியிருந்தது. சில்லா என்பது கொரிய நாடு. அவர் எங்கே என்று உசாவினார். அறுபது வயதளவில் அங்கேயே இறந்தார் என்றனர். அவர் எழுதிய ஏடுகள் மட்டும் நாளந்தாவில் இருந்தன.

மற்றொருவர் சாங்மின். மலையூரிலிருந்து புறப்பட்ட அவர் கப்பல் பாரம் மிகுந்து புயலில் அமிழத் தொடங்கியது. சிறு படகில் ஏற எல்லோரும் முந்தினர். கப்பல் தலைவன் பௌத்தன். துறவியை ஏறுமாறு அழைத்தான். பிறரை ஏற்றுக என்று சொல்லி அவர் கப்பலிலேயே நின்றார். மேற்றிசை நோக்கிக் கைகூப்பிப் புத்தர் பெயரை ஓதினார். அழுதுகொண்டு உடன்நின்ற மாணவரும் அவரோடு மூழ்கினார். இது நிகழ்ந்தது நம் கடலில்.

685-இல் இட்சிங் நாளந்தாவை விட்டுப் புறப்பட்டபோது ஊசிங்கும் அவரும் நெடுந்தொலைவு கிழக்கே சேர்ந்து நடந்தனர். உயிரோடு பிரிவதன் துயரம் இருவர் நெஞ்சிலும் இருந்தது என்று அவர் குறிக்கிறார். தாமிரலிப்தியிலிருந்து வரும் கப்பல் கடாரத்தை ஆண்டின் முதலிரு திங்களில் அடையும் என்றும், அடுத்த குளிர்காலம் வரை அங்குக் காத்திருந்தே தெற்கே செல்லல் இயலும் என்றும் அவர் வழிமுறை கூறுகிறார். அவர் கொண்டுவந்த ஏடுகளின் அளவு ஏறத்தாழ ஐந்து நூறாயிரம் சுலோகம்.

தாளும் மையும்

ஸ்ரீவிஜயத்தில் அமர்ந்து அவற்றை மொழிபெயர்க்கத் தொடங்கினார். தாளும் மையும் போதவில்லை, படியெடுப்போரும் இல்லை. 689-இல் சீனம் செல்லவிருந்த கப்பலில் ஏறி, இவற்றைக் கேட்டு ஒரு மடல் கொடுத்தனுப்ப முயன்றார். அவ்வேளை நல்ல காற்று வீசப் பாய் விரிந்தது. இறங்க இயலாமல் கான்டனுக்கே சென்று சேர்ந்தார்! பதினெட்டாண்டுக்குப்பின் தாய்நாட்டில் கால் வைத்தும் அவர் அங்கே நிற்கவில்லை. ஏடுகள் ஸ்ரீவிஜயத்தில் இருந்தன. உதவியாளரைச் சேர்த்துக்கொண்டு அவ்வாண்டின் பதினோராந் திங்களிலேயே திரும்பினார். தாம் எழுதிய இரு நூல்களையும் 692-இல் சீனத்திற்கு அனுப்பினார். 695-இல் அவர் லோயாங் நகரை அடைந்தபோது பேரரசி வூ நகர வாயிலுக்கே வந்து வரவேற்றார். பின்னர் 713-இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பே அவர் தொழில். ஐம்பத்தாறு நூல்கள் அவர் பெயரில் நிற்கின்றன.

பேராவின் மண்

இவ்வழியின் சுவடு பேராவிலும் இல்லாமற் போகவில்லை. ஈப்போவை அடுத்த பெங்காலான், தஞ்சோங் ரம்புத்தான், பீடோர், சுங்கை சிப்புட் ஆகிய இடங்களில் பழைய பௌத்த வெண்கலப் படிமங்கள் கிடைத்துள்ளன. ஈயச் சுரங்கம் தோண்டியோர் கையில் அகப்பட்டவை இவற்றுட் சில. மாத்தாங் கடலோரத்துக் கோலா செலின்சிங்கில் விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த முத்திரைக்கல் கிடைத்தது. இவற்றைக் கொண்டு சீன மாணவர் கிந்தா பள்ளத்தாக்கில் தங்கிக் கற்றனர் எனக் கூறுதல் மிகையாகும். கடற்கரையிலிருந்து ஈயம் எடுக்கும் உள்நாடு வரை அச்சமயமும் எழுத்தும் வந்திருந்தன என்பதே இவை தரும் முடிவு. அம்முடிவே போதிய பெருமை உடையது.

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. தோட்டப் பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. அவற்றில் எழுத்தறிந்த பிள்ளைகள் வேற்றுமொழியிலும் வேற்றூரிலும், சிலர் வேற்று நாட்டிலும் கற்கச் செல்கின்றனர். அவர்களுக்கு இராசேந்திரனின் வெற்றியைச் சொல்வது தவறன்று. ஆயின் வெற்றியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, புதிய ஊரில் மொழி விளங்காமல் தனித்து நிற்கும் நாளில் அதனால் பெறும் துணை சிறிது. சேறு பூசி நடந்தவரின் கதையும், இருளில் பெயர் சொல்லி அழைத்தவரின் கதையும் அந்நாளில் உதவும்.

சோழர் படை சென்ற வழியை வரைபடத்தில் காட்டும் ஆசிரியர், ஸ்ரீவிஜயம், மலையூர், கடாரம், நக்கவாரம் என்னும் அதே நான்கு புள்ளிகளைச் சேர்த்து, 671 என்று ஆண்டு குறித்து, வேறொரு நிறத்தில் இன்னொரு கோடும் வரையலாம். அதற்கு ஐந்து நிமிடமே வேண்டும். ஓதற்பிரிவு என்னும் இலக்கணப் பாடமும் அவ்வகுப்பிலேயே விளங்கிவிடும்.